பழைய கணினிகள் இரண்டை நேரடியாக இணைக்கும் கிராஸ்ஓவர் கேபிள்: வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு சிறிய கடையில், உறையில் நிறுவனப் பெயர் எதுவும் இல்லாத சாம்பல் நிறக் கிராஸ்ஓவர் கேபிள் ஒன்றை வாங்கினேன். அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டிலுள்ள இரண்டு விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காவடித் திருவிழாப் படங்களை, ரூட்டரோ சுவிட்சோ இல்லாமல் மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையை இந்தக் கேபிள் குறைவின்றிச் செய்தது.

இது எல்லோருக்கும் தேவைப்படாது. 100 மெகாபிட் நெட்வொர்க் கார்டில் 1, 2 ஆம் ஊசிகள் அனுப்புவதற்கும், 3, 6 ஆம் ஊசிகள் பெறுவதற்கும் உரியவை என்பதால், சாதாரணக் கேபிளில் இரு கணினிகளும் ஒரே கம்பிகளில் அனுப்ப முயலும். கிராஸ்ஓவர் கேபிள் அவற்றை இடம் மாற்றிக் கொடுக்கிறது. ஒரு கணினியிலாவது கிகாபிட் கார்டு இருந்தால், பெரும்பாலும் அந்தக் கார்டே இதைச் செய்துவிடும். கடையிலேயே சரிபார்க்க, இரு முனைகளையும் கிளிப் பின்புறம் இருக்க, கம்பி கீழ்நோக்கித் தொங்கப் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் இடமிருந்து முதலில் வெள்ளை-ஆரஞ்சும், மற்றதில் வெள்ளை-பச்சையும் தெரிய வேண்டும்.

இணைப்பு வேலை செய்யாதபோது பலரும் முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்கிறார்கள். இரு கார்டுகளிலும் விளக்கு எரிந்தால், பழுது அநேகமாக வேறிடத்தில் இருக்கிறது. நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை வழங்க ரூட்டர் இல்லாததால், எக்ஸ்பி சிறிது நேரம் தேடிவிட்டு 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொண்டு மஞ்சள் எச்சரிக்கையைக் காட்டும். இரண்டிலும் அப்படியே இருந்தால் கோப்புகளைப் பகிரத் தடையில்லை. ஒன்றில் மட்டும் நாமாக 192.168.0.1 என்று கொடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால்தான் இரண்டும் பேசிக்கொள்ளாது. ஆகவே அடுத்ததற்கு 192.168.0.2, இரண்டிற்கும் சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி பொதுவானது என்று காட்டும் எண்) 255.255.255.0 என்று கொடுத்து, வெளி நெட்வொர்க்குக்கு வழிகாட்டும் கேட்வே இடத்தைக் காலியாக விடுவதே தெளிவான வழி.

அதன் பிறகும், மற்றக் கணினி எட்டுகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளைக்குப் பதில் வரவில்லையென்றால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பாருங்கள். 2004 இல் வந்த எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 என்ற மேம்படுத்தல் முதல் அது தொடக்கத்திலேயே இயங்குகிறது. அதன் விலக்குப் பட்டியலில் கோப்பு, பிரிண்டர் பகிர்வுக்குரிய கட்டத்தில் டிக் செய்தால் எங்கள் கணினிகளில் நடந்ததுபோல் வழி திறக்கும். கணினியின் பெயர் பட்டியலில் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். ஃபோல்டர் சாளரத்தின் மேலுள்ள முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளையும் (\\) மற்றக் கணினியின் ஐபி எண்ணையும் தட்டச்சு செய்தாலே பகிர்ந்த ஃபோல்டர்கள் திறந்துவிடும்.

வேகம் வினாடிக்குப் பத்து மெகாபைட் அளவில் இருந்தால் அது 100 மெகாபிட் கார்டுக்கு நியாயமானதே. அதைவிட மிகவும் தேங்கினால், ஒரு கார்டின் அமைப்பு ஆட்டோவிலும் (தானாகத் தேர்வது) மற்றது கட்டாய ஃபுல் டூப்ளெக்ஸிலும் (ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறுவது) இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்துவிட்டதால், அந்தக் கணினிகளை இணையத்தில் சேர்க்காமலே படங்களை மாற்ற முடிவது இந்த முறையின் பெரிய நன்மை என்று கருதுகிறேன்.

கேபிளில் குறை இல்லாமல் இல்லை. கிளிப்பைக் காக்கும் ரப்பர் உறை இல்லாததால், மேசைக்குப் பின்னால் இழுக்கும்போது ஒரு முனையின் கிளிப் உடைந்து, இப்போது அந்த முனை தளர்ந்து நிற்கிறது. சாதாரணக் கேபிளிலிருந்து பிரித்தறிய வெளியில் எந்த அடையாளமும் இல்லை. வாங்கியவுடன் இரு முனைகளிலும் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.