கால்வாய்க் கரை இருட்டுக்கு ஒரு சைக்கிள் விளக்கு

டிசம்பரில் பெர்லினில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், வேலை முடிந்து வீடு திரும்பும் ஏழு கிலோமீட்டரில் பாதி, தெருவிளக்கே இல்லாத கால்வாய்க் கரைப் பாதையில் முழு இருட்டில்தான் கழிகிறது. முதலில் வாங்கியது, விளக்கு உமிழும் மொத்த ஒளியின் அளவான லூமன் கணக்கைப் பெரிதாக அச்சிட்டிருந்த ஒரு மலிவான விளக்கு. வட்டமாகச் சிதறிய அதன் ஒளி மரக்கிளைகளுக்கும் எதிரே வருபவர்களின் கண்களுக்கும் போனதே தவிர, பாதையில் கிடந்த ஈர இலைகள் சக்கரம் ஏறிய பிறகுதான் தெரிந்தன.

இப்போது வைத்திருப்பது ஜெர்மன் போக்குவரத்து விதிப்படி அங்கீகாரம் பெற்று, அலைக்கோடும் கே என்ற எழுத்தும் பொறிக்கப்பட்ட 80 லக்ஸ் விளக்கு. லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. காரின் முகப்பு விளக்கைப் போல ஒளியின் மேல்விளிம்பு வெட்டப்பட்டிருப்பதால், வெளிச்சம் முழுதும் தரையிலேயே விரிந்து, சிறு குழிகூட நிழலோடு துலங்குகிறது. விதி கேட்பது 10 மீட்டர் தொலைவில் 10 லக்ஸ் மட்டுமே. ஊருக்குள் அது போதும், கால்வாய்க் கரைக்குப் போதாது.

குறை பேட்டரியில்தான். உறைகுளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறைவதால், பெட்டியில் போட்டிருந்த ஐந்து மணி நேரம் எனக்கு நான்கைத் தாண்டவில்லை. பொத்தானும் கையுறை விரலுக்கு மிகச் சிறியது. தினமும் ஓட்டுபவர்கள், விலை கூடினாலும், முன்சக்கர டைனமோவில் எரியும் விளக்கை வாங்குவதே மேல். பின்விளக்கைக் கேரியரில் பொருத்துங்கள். சீட்டுக்கடியில் மாட்டினால் நீளமான குளிர்கோட்டு அதை மறைத்துவிடும்.