மேகமூட்ட நாளில் குண்டூர் மலையேற்றம்: ஒரு வழிகாட்டிச் சேவை குறித்து

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு ஒருநாள் மலையேற்றம் அழைத்துச் செல்லும் குழுக்களில் ஒன்றுடன், ஐப்பசி மாதத்து மேகமூட்டமான ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்திலிருந்து மலைமேல் உள்ள குண்டூர் கிராமம் வரை ஏறினேன். காட்சிக்காக மட்டும் பணம் கட்டியவர்களுக்கு அந்த நாள் ஏமாற்றமாகவே இருந்திருக்கும். பாதி உயரத்துக்கு மேல், முன்னால் நடப்பவரின் முதுகுப்பையைத் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் வழிகாட்டிக்கு நாம் கொடுக்கும் பணம் எதற்கானது என்பது அன்றுதான் எனக்கு நன்றாக விளங்கியது. அந்த ஒரு காரணத்துக்காகவே, சில குறைகள் இருந்தும் இச்சேவையைப் பரிந்துரைக்கிறேன்.

புறப்படுவதற்கு முன்பே வனத்துறை அனுமதிக் கடிதத்தை எல்லோருக்கும் காட்டினார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் எவரையும் நம்பக் கூடாது என்று நினைப்பவன் நான். எனவே இது எனக்கு முதல் நிறைவு. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என இரண்டு வழிகாட்டிகள் வந்தார்கள். இருவரும் மலைக் கிராமத்துக்காரர்கள்.

அடிவாரத்துப் புதர்க்காட்டில் சொல்வதற்கு அதிகமில்லை, புழுக்கமும் வியர்வையும்தான். சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடோ 1,500 மீட்டரைத் தொடுகிறது. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. ஆகவே, கீழிருந்து பார்க்கும்போது மலையுச்சியை மூடியிருக்கும் வெண்மைக்குள்ளேயே நாம் ஒரு கட்டத்தில் நுழைந்துவிடுகிறோம். அங்கிருந்துதான் முன்னால் சென்ற வழிகாட்டியின் நடை மாறியது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பின்னால் வருபவரின் விசில் சத்தம் கேட்ட பிறகே அடுத்த அடி வைத்தார்.

ஓரிடத்தில் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். பாதையின் நடுவே காட்டெருமைச் சாணம் கிடந்தது. குச்சியின் முனையால் அதைக் கிளறிப் பார்த்தார். மேல்தோல் இன்னும் காயவில்லை, உள்ளிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. அந்தப் பக்கத்துப் புல் மிதிபட்டுச் சாய்ந்திருந்த திசையைக் கவனித்தார், இரண்டு முறை உரக்கக் குரல் கொடுத்தார், பிறகு எங்களை ஒரு பெரிய மரத்தடியில் கூட்டமாக நிற்க வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தார். தெளிந்த வானிலையில் தூரத்திலேயே பார்த்து விலகிவிடக்கூடிய விலங்கு, மேகத்துக்குள் கைக்கெட்டும் தொலைவில் எதிர்ப்படலாம். அவசரப்படாத அந்தக் காத்திருப்புக்கு நான் எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

நகரம் முழுவதையும் பார்க்கலாம் என்று விளம்பரத்தில் படம் போட்டிருந்த பாறைக்கு எங்களை அவர் அழைத்துச் செல்லவில்லை. ஒருவர் வற்புறுத்தியபோது, “அந்தப் பாறைக்கு இன்னிக்கு வேண்டாங்க சார். ஓரம் எதுன்னு எனக்கே தெரியாதப்ப உங்கள எப்படிங்க கூட்டிட்டுப் போறது?” என்று கேட்டார். அது முற்றிலும் சரியான முடிவு. இம்மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் எனும் கடினமான பாறை. அதன் மேல் படிந்த பாசி நனைந்தால் நல்ல காலணிக்கும் பிடிமானம் கிடைப்பதில்லை. தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணியோடு வந்திருந்த ஓர் அம்மையாருக்கு, “கால நீட்டுங்கக்கா” என்று சொல்லி, பையிலிருந்து தேங்காய் நார்க்கயிற்றை எடுத்துக் காலணியின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். அதன் பிறகு அவர் ஒருமுறைகூட வழுக்கவில்லை.

ஆனால் எப்படிப்பட்ட காலணி வேண்டும், மழையங்கி வேண்டுமா என்பதையெல்லாம் முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டியது ஏற்பாட்டாளர்களின் கடமை. தொலைபேசியில் கேட்டதற்கு, மழை இல்லையென்றால் கிளம்பிவிடலாம் என்பதற்கு மேல் பதில் வரவில்லை. வானிலை மோசமானால் பாதை மாறும், காட்சி கிடைக்காது, பணம் திரும்ப வராது என்பதையும் எழுத்தில் தருவதில்லை. வழிகாட்டி காட்டும் பொறுப்பை அலுவலகத்தில் இருப்பவர்களும் காட்டினால் பாதி மனக்கசப்பு தீர்ந்துவிடும். இறங்குவதற்கான வேனும் மிகத் தாமதமாகவே வந்தது. நனைந்த உடையோடு அந்தக் குளிரில் காத்திருந்தது முதியவர்களுக்குக் கடினமாக இருந்தது. வந்த பிறகு, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநர் நிதானமாக, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலி எழுப்பி இறக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

குண்டூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் பரிமாறிய சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் அருமை. சூடாகவும் வயிறு நிறையவும் கிடைத்தன. வரலாற்றுத் தகவல்களை எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காபி கொண்டுவந்த கதையைக்கூடத் தோட்டங்களைக் கடக்கும்போது யாரும் சொல்லவில்லை. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளில் மேகம் துளித்துளியாகச் சொட்டுவதைக் கேட்டபடி நடந்த எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

கட்டணம் ஆளுக்கு 1,200 ரூபாய். உணவும் வேனும் சேர்த்து. இதே வகை நடையை வனத்துறை மூலமாகவே செல்ல விரும்புவோர், 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் உள்ள சேலம் மாவட்டத் தடங்களையும் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மழைக்காலத்தில் இந்த ஏற்றத்தைத் தவிர்ப்பது நல்லது. எனக்கு இன்னொரு முறை போகும் எண்ணம் இருக்கிறது. முன்னால் நடந்த அதே வழிகாட்டி வருவாரா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டுவேன்.