ஸ்போக் வீல் எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? நட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசை நம்மவர்களில் நிறையப் பேருக்கு வந்துவிட்டது. எம்ஜிபி, டிரையம்ஃப் என்று விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் "நாலும் புது குரோம் ஸ்போக் வீல், ஹப்பும் மாற்றியாச்சு" என்று ஒரு வரி கண்ணில் பட்டால் கொஞ்சம் நில்லுங்கள் (அச்சின் முனையில் வீல் உட்காருகிற பாகம்தான் ஹப்). அதே வரியைக் காட்டித்தான் ஒரு ஆள் என் தலையில் ஒரு காரைக் கட்டினார்.

கார் 1972-ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர். சிவப்பு நிறம், குரோம் பம்பர். 12,500 பவுண்டு கேட்டு 11,800-க்கு முடிந்தது. எம்ஜிபி ஒன்றும் அபூர்வமான வண்டி இல்லை. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். அதனால் பெயருக்காக யாரும் விலை கொடுப்பதில்லை, கண்டிஷனுக்குத்தான் கொடுக்கிறார்கள். 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியையும் ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய குரோம் பம்பர் கார் என்றால் விலை ஒரு படி கூடும். அதில் ஸ்போக் வீலும் இருந்துவிட்டால் இன்னொரு படி. விற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

எம்ஜிபி பார்க்கப் போகிற எல்லோருக்கும் ஒரே உபதேசம்தான் கிடைக்கும்: கதவுக்குக் கீழே ஓடுகிற சில் துருப்பிடித்திருக்கிறதா பார். சரியான உபதேசம்தான், காரின் முதுகெலும்பே அதில்தான் இருக்கிறது. நானும் காந்தம் கொண்டுபோய் சில் முழுக்க வைத்துப் பார்த்தேன், பட்டி பூசிய இடம் எதுவும் இல்லை. ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன், இடிக்கவில்லை. பாடி நிஜமாகவே நன்றாக இருந்தது. வருகிறவன் சில்லைப் பார்த்தே திருப்திப்பட்டுப் போய்விடுவான் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. வீலில் 60 கம்பியும் மின்னிக்கொண்டிருந்தன. "ஹப் நாலும் போன வருஷம் மாற்றியது" என்று விளம்பரத்திலும் எழுதியிருந்தார், வாயாலும் சொன்னார். பில் கேட்டதற்கு, வீட்டில் எங்கோ இருக்கிறது, தேடி அனுப்புகிறேன் என்றார். அந்தப் பில் இன்றுவரை வரவில்லை.

ஹப் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், இந்த வீல் சாதாரண வீல் மாதிரி நாலு போல்ட்டில் நிற்பதில்லை. ஹப்பின் மேல் சுற்றிலும் நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும். வீலின் நடுத் துளைக்குள் அதற்குப் பொருந்துகிற பல் இருக்கும். வீலைத் தள்ளிச் செருகி நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டைப் போட்டு அடித்து இறுக்குவார்கள். நட்டின் வேலை வீல் வெளியே வராமல் பிடிப்பது. என்ஜின் இழுப்பு, பிரேக் பிடிப்பு எல்லாம் அந்தப் பல் வழியாகத்தான் போகவேண்டும். பல் மழுங்கிப்போனால் பின்பக்கம் ஹப் மட்டும் சுற்றும், வீல் சும்மா நிற்கும். முன்பக்கம் அப்படி ஆனால் அந்த வீலுக்கு பிரேக்கே கிடையாது. ஹேண்ட்பிரேக்கும் பின் ஹப்பைத்தான் பிடிக்கிறது, ஆகவே சரிவில் நிறுத்திய வண்டி தானாக உருண்டாலும் ஆச்சரியமில்லை.

எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ரிவர்ஸ் கியர்தான். பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு முன்னால் கிளப்பினால் பின்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். போன் செய்து சொன்னேன். "ஐம்பது வருஷக் கார், சத்தம் போடத்தான் செய்யும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டாக இருக்கும்" என்று சிரித்தார். சரி என்று எம்ஜி வண்டிகளை மட்டுமே பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த வயதான மெக்கானிக் சத்தத்தைக்கூடக் கேட்கவில்லை. பின்பக்கத்தைத் தூக்கினார், என்னை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொன்னார், இரண்டு கையாலும் வீலைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினார். பிரேக் முழுக்கப் பிடித்திருக்கும்போதே வீல் ஒரு விரல் அளவுக்கு ஆடி 'டொக் டொக்' என்றது. அப்புறம் செம்புத் தலைச் சுத்தியலை எடுத்து நட்டைத் தட்டிக் கழற்றினார். வலதுபக்க நட்டு இடதுமரை, இடதுபக்கம் வழக்கமான வலதுமரை. எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று நட்டிலேயே அம்புக்குறி இருக்கிறது. வீலை உருவியதும் ஹப்பிலிருந்து செம்மண் நிறத்தில் பொடி கொட்டியது. கிரீஸ் இருந்த அடையாளமே இல்லை. பல்லின் தலை தட்டையாக இருக்கவேண்டும் என்று ஒரு புது ஹப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் காரில் இருந்தது ஒவ்வொன்றும் ரம்பப் பல் போல ஒருபக்கமாகச் சாய்ந்து கூராகிக் கிடந்தது. போன வருடம் மாற்றிய லட்சணம் அது! பல வருடம் கிரீஸ் காணாமல் ஓடியது என்றார் மெக்கானிக்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வீல் நிஜமாகவே புதுசு. தேய்ந்த ஹப்பில் புது வீலை மாட்டினால் பழைய பல் புதுப் பல்லைத் தின்றுவிடும். என் பின் வீல் இரண்டின் உள்பல்லும் அதற்குள் பாதி போயிருந்தது. குரோம் தகதகக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. விற்பதற்கென்றே யாரோ புது வீல் வாங்கி மாட்டியிருக்கிறார்கள் என்பது மெக்கானிக்கின் கணிப்பு, எனக்கும் அதில் சந்தேகமில்லை.

"புது டயர்" என்று சொன்னதும் அதே கதை. டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். மூன்று டயரில் அது உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. தூக்கிப் பார்த்தால் 1109, அதாவது 2009-ஆம் வருடத்தின் 11-ஆவது வாரம். ஓடாமல் நின்ற டயர் என்பதால் பட்டன் மட்டும் புதுசு மாதிரி இருந்தது.

நாலு ஹப், இரண்டு வீல், கூலி எல்லாம் சேர்ந்து 1,640 பவுண்டு. டயர் தனி.

காசைத் திரும்பக் கேட்டபோதுதான் ஆளின் சுயரூபம் தெரிந்தது. அதுவரை "நான் வீட்டுக்காக வைத்திருந்த வண்டி" என்றவர், "இது தனியார் விற்பனை, பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றார். ஆர்சி புக்குக்குச் சமமான இங்கத்திய பதிவுச் சான்றில் வேறு பெயர் இருந்தது. அது மச்சான் பெயர் என்று முன்னரே ஒரு கதை சொல்லியிருந்தார். அவருடைய போன் நம்பரை நெட்டில் தேடினால் நாலைந்து பழைய கார் விளம்பரம் வந்தது. ஆள் சுத்த வியாபாரி. வியாபாரி என்பதை ஏன் மறைக்கிறார்கள் என்றால், 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வியாபாரியிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனியாள் விற்றால் அந்த உரிமை இல்லை, விற்றவர் சொன்னது பொய் என்று நாம் நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். வியாபாரி தன்னைத் தனியாள் என்று காட்டிக்கொள்வதே இங்கே குற்றம். விளம்பரத்தின் படம், அந்த மற்ற விளம்பரங்கள், ஒர்க்‌ஷாப் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து, சிறு வழக்கு நீதிமன்றம் போவேன் என்று கடிதம் அனுப்பியதும் 700 பவுண்டு வந்தது. மீதிக்கு இன்னும் இழுபறி.

இன்னொன்று. 2018 மே மாதத்திலிருந்து 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு இங்கே வருடாந்திரத் தகுதிச் சோதனை (எம்ஓடி) கட்டாயமில்லை. "எம்ஓடி தேவையே இல்லை சார்" என்று அதை ஒரு சலுகை மாதிரி விற்கிறார்கள். கட்டாயமில்லையே தவிர, விரும்பினால் எடுக்கலாம். செலவு 55 பவுண்டுக்கு மேல் போகாது. விற்கிறவர் மறுத்தால் எனக்கு அந்தக் கார் வேண்டாம். பழைய சோதனைகளில் என்ன எழுதினார்கள் என்பதை நம்பர் பிளேட்டை வைத்து அரசு தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கம்பிகளையும் ஒரு ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று பேசும், தளர்ந்தது தொப்பென்று மந்தமாக ஒலிக்கும். தொழிற்சாலையிலேயே ஸ்போக் வீலோடு வந்தது என்று சொல்லி அதற்குத் தனி விலை கேட்டால், கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தரும் ஹெரிடேஜ் சான்றைக் கேளுங்கள், வண்டி எந்த வீலோடு வெளியே போனது என்று அதில் இருக்கும். சாதாரண வீல் காரில் அடாப்டர் வைத்து மாற்றியிருந்தால் பின் அச்சு அகலம் கூடி, இரண்டு பேர் உட்கார்ந்ததும் டயர் மட்கார்டில் உரசும். ஒரு நட்டைக் கழற்றச் சொல்லும்போது "சுத்தியல் இல்லை" என்று பதில் வந்தால் நீங்களே ஒன்று கொண்டுபோங்கள், இருபது முப்பது பவுண்டுக்குக் கிடைக்கிறது.

போன வாரம் அதே போன் நம்பரில் ஒரு பச்சை எம்ஜி மிட்ஜெட் விளம்பரம் ஏறியிருக்கிறது. வீல் புதுசாம், ஹப்பும் மாற்றியாயிற்றாம். வடக்கு லண்டன் பக்கம் மிட்ஜெட் பார்க்கப் போகிறவர்கள் கிளம்பும் முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், நம்பரைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.