மைனஸ் ஐ-யா, பிகேஜி-கான்ஃபிகா, சிமேக்கா?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்கு சி-யில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். சீசனுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது பில்ட் (சோர்ஸை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) ஆகவே இல்லை. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்', அதாவது கூப்பிட்ட ஃபங்க்ஷன் லைப்ரரியில் இல்லை என்று வரிசையாகக் கொட்டியது. தப்பு என்னுடையதுதான். உபுண்டு 20.04-இல் ஏற்கெனவே ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 1.1.1 பதிப்பு இருக்கிறது, நான் தனியாக ஆப்ட் (/opt) ஃபோல்டரில் 3.0 போட்டிருந்தேன். ஹெடர் (ஃபங்க்ஷன்களின் பட்டியல்) புதியதிலிருந்து, லைப்ரரி (அந்த ஃபங்க்ஷன்களே) பழையதிலிருந்து. பென்னாகரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அரூர் பஸ்ஸில் உட்கார்ந்த கதை.

எந்த ஹெடர், எந்த லைப்ரரி என்று கம்பைலருக்குக் காட்டும் வழிகள்தான் தலைப்பில் இருப்பவை. மேக்ஃபைலில் (பில்ட் கட்டளைகள் உள்ள கோப்பு) மைனஸ் ஐ (-I, ஹெடருக்கு), மைனஸ் எல் (-L, லைப்ரரிக்கு) என்று பாதையைக் கையால் எழுதுவது நம் எல்லோருக்கும் முதல் பழக்கம். ஒரு கணினியில் ஓடும், அடுத்ததில் பல்லிளிக்கும். ரெண்டில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்தால் என் கதிதான். சிபாத் (CPATH), லைப்ரரிபாத் (LIBRARY_PATH) என்ற சூழல் மாறிகளும் அப்படித்தான், டெர்மினலை மூடினால் போச்சு. சோதனைக்குச் சரி.

எனக்குப் பிடித்தது பிகேஜி-கான்ஃபிக், கேட்டால் பாதையைச் சொல்லும் சின்னக் கருவி. ஹெடர், லைப்ரரி ரெண்டுக்கும் பாதை லைப்ரரியோடு வரும் ஒரே பிசி (.pc) கோப்பிலிருந்து வருவதால் ஜோடி மாற வாய்ப்பு ரொம்பக் குறைவு. பிகேஜி_கான்ஃபிக்_பாத்-இல் நம் ஃபோல்டரைச் சேர்த்தால் அதைத்தான் முதலில் பார்க்கும். ஆனால் 64 பிட் லினக்ஸில் 3.0 தன் பிசி கோப்பை லிப்64-க்குள் வைக்கும், லிப்-க்குள் இல்லை. இது தெரியாமல் எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. மோட்வெர்ஷன் என்று கேட்டால் எந்தப் பதிப்பை எடுக்கிறது என்று உடனே சொல்லிவிடும், முதலில் அதைக் கேளுங்கள். பிசி கோப்பே தராத லைப்ரரிகளும் உண்டு, அங்கே இது கைவிரித்துவிடும்.

சிமேக் என்ற பில்ட் கருவி பெரிய திட்டத்துக்கு நல்லது, விண்டோஸிலும் ஓட வேண்டுமென்றால் அதுதான். ஃபைண்ட்_பேக்கேஜ் என்று ஒரு வரி எழுதினால் தானே தேடிக்கொள்ளும். சிக்கல் அதன் ஞாபகசக்தி: முதல் தடவை கண்ட பாதையை சிமேக்கேச் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, நீங்கள் அப்புறம் ப்ரிஃபிக்ஸ் பாதையை (தேட வேண்டிய ஃபோல்டரை) மாற்றினாலும் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும். பில்ட் ஃபோல்டரை அழிக்க வேண்டும், அல்லது சிமேக் 3.24-இல் வந்த ஃப்ரெஷ் (--fresh) ஆப்ஷன். நாலு கோப்புள்ள எடைமேடைக்கு இதெல்லாம் எதற்கு?

பிகேஜி-கான்ஃபிக்கில் பில்ட் ஆனது. ஓட்டினால் லைப்ரரியைக் காணோம் என்றது! ஓடும்போது தேடுவது, லைப்ரரியை நினைவகத்தில் ஏற்றும் லோடரின் வேலை, அதில் பிகேஜி-கான்ஃபிக்குக்குப் பங்கில்லை. மேக்ஃபைலில் ஆர்பாத் (லைப்ரரி பாதையைப் புரோகிராமுக்குள்ளேயே பதிப்பது) ஒரு வரி சேர்த்து, எந்த லைப்ரரி ஏறும் என்று காட்டும் எல்டிடி போட்டு 3.0 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆலைக்கு அனுப்பினேன்.