‘காயில் போயிடுச்சு’ என்றதும் மோட்டாரைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

சுவிட்சைப் போட்டால் தண்ணீர் மோட்டார் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. உங்கள் வீட்டில் இப்போது இந்த நிலை என்றால் முதலில் சுவிட்சை அணையுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் நான் ஏமாந்த கதையைக் கேட்டுவிடுங்கள். மோட்டாரை ஓடத் தொடங்க வைக்கும் ஒரு கெப்பாசிட்டரை (கண்டன்சர் என்று சொல்வோமே, அதை) மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நான் ஒரு மோட்டாரையே தொலைத்தேன்.

என்னுடையது கீழ்த்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றும் ஒரு ஹெச்.பி. மோனோபிளாக், அதாவது மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது. வாங்கிப் பல வருஷம் ஆகியும் ஒரு நாள்கூட மக்கர் செய்யாதது. ஒரு காலையில் உறுமல் மட்டும் கேட்டது. நானும் எல்லோரும் செய்கிற தப்பைச் செய்தேன்: நாலைந்து முறை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். சுற்றாமல் நிற்கிற மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அப்படியே விட்டால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், நன்றாக இருந்தாலும் கருகிவிடும். நல்லவேளை, பயந்துபோய் நிறுத்திவிட்டேன். கருகல் வாடை எதுவும் வரவில்லை, பிரேக்கரும் விழவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு மெக்கானிக் வந்தார். சுவிட்சைப் போட்டார், ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டார். "காயில் போயிடுச்சு சார். புதுசா கட்டணும். பேரிங்கும் போயிருக்கும்." அவ்வளவுதான் பரிசோதனை. பையிலிருந்து டெஸ்டரைத் தவிர வேறு எந்தக் கருவியும் வெளியே வரவில்லை, மல்டிமீட்டர் உட்பட. வீட்டில் தண்ணீர் இல்லை, எனக்கும் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. சரி என்று தலையாட்டினேன். அரை மணி நேரத்தில் மோட்டார் அவர் வண்டியில் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலமே கொண்டுவந்து விட்டார். அவ்வளவு வேகமா என்று சந்தோஷப்பட்டேன். அப்போது எனக்குத் தெரியாத விஷயம் இது: காயில் கட்டிய பிறகு அதை வார்னிஷில் நனைத்து, வடியவிட்டு, சூட்டில் நன்றாகக் காய வைக்க வேண்டும். சுற்றுகள் ஒன்றோடு ஒன்று உரசாமல் இறுக்கிப் பிடிப்பதும், ஈரம் புகாமல் காப்பதும் அந்த வார்னிஷ்தான். ஒழுங்காகச் செய்தால் காலையில் போன மோட்டார் சாயங்காலம் வருவது கஷ்டம். வந்த மோட்டாரிலிருந்து வார்னிஷ் வாடை குப்பென்று அடித்தது. புதுசு என்பதால் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மேடையில் ஏற்றுவதற்கு என் மச்சான் ஒரு பக்கம் பிடித்தான். "மாமா, காலையில இதைவிட கனமா இருந்துச்சே" என்றான். உள்ளே இருந்த தண்ணீர் வடிந்திருக்கும் என்று நானே அவனுக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறியது, பணம் கைமாறியது. பில்லில் காயில், பேரிங், கூலி என்று மூன்று வரி.

இரண்டு மாதம்தான். தொட்டி நிரம்ப வழக்கத்தைவிட நேரம் எடுத்தது, மோட்டாரின் உடம்பு கை வைக்க முடியாத அளவு சுட்டது. ஒரு நாள் புகையோடு நின்றது. இந்த முறை கருகல் வாடை தெரு வரைக்கும். போன் செய்தேன். "வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும் சார்" என்றார். வாரண்டி சொன்னீர்களே என்றால், "அது நம்ம வேலைக்குத்தான் சார், காயிலுக்கு இல்ல." காயில் கட்டியதே அவர் வேலைதானே என்று கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவதாக வந்தவர் வயதான மெக்கானிக். மோட்டாரைக் கழற்றாமல் முதலில் மீட்டர் வைத்தார், தலையை ஆட்டினார். பிறகு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பிரித்தார். கருகிய காயிலிலிருந்து ஒரு கம்பியை இழுத்து பிளேடால் சுரண்டினார். உள்ளே வெள்ளி நிறம்.

"ஏன் சார், அலுமினியம் கட்டச் சொன்னீங்களா?"

செம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம். மச்சான் சொன்ன எடைக்குறைவுக்கு அதுதான் காரணம். அலுமினியத்தின் மின்தடையோ செம்பைவிடச் சுமார் 1.6 மடங்கு. அலுமினியக் காயில் என்றாலே மோசடி என்று சொல்ல மாட்டேன். அதற்கென்றே வடிவமைத்த மோட்டார்கள் உண்டு, அவற்றில் கம்பியைத் தடிமனாகப் போடுவார்கள், அதற்கு இடமும் விட்டிருப்பார்கள். செம்புக்காகச் செய்த பள்ளத்தில் அதே தடிமன் அலுமினியத்தைத் திணித்தால் சூடாகாமல் என்ன செய்யும்? மேலே பூசியிருக்கும் எனாமலின் நிறத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சுரண்டினால்தான் குட்டு வெளிப்படும்.

பேரிங்கைப் பார்த்தார். துரு ஏறிய பழைய பேரிங், அப்படியே இருந்தது. பில்லில் மட்டும் மாறியிருக்கிறது.

இதெல்லாம்கூட சாதாரணத் திருட்டு. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. மோட்டார் மேடைக்குப் பின்னால் குப்பையோடு ஒரு பழைய கெப்பாசிட்டர் கிடந்தது. மேல்பக்கம் லேசாக உப்பியிருந்தது. மோட்டாரில் இருந்ததோ புத்தம் புதுசு. பெரியவர் பழையதை மீட்டரில் வைத்தார். மேலே அச்சடித்திருந்தது 20 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் திறனை அளக்கும் அலகு), மீட்டர் காட்டியது 6. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பில்லை எடுத்துப் பார்த்தேன். கெப்பாசிட்டர் என்ற வார்த்தையே அதில் இல்லை. மாற்றாத பேரிங்குக்குப் பணம் வாங்கிய மனிதர், மாற்றிய கெப்பாசிட்டருக்குப் பணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் "அப்போ பழுது அதிலேயே இருந்திருக்குமோ?" என்று யோசித்திருப்பேன் இல்லையா?

வீட்டு மோட்டார்கள் பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ். ஓடத் தொடங்க அவற்றுக்கு ஒரு தள்ளல் வேண்டும். ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போகும் கரண்டைக் கெப்பாசிட்டர் நேரத்தில் சற்று விலக்கிக் கொடுப்பதால்தான் அந்தத் தள்ளல் கிடைக்கிறது. கெப்பாசிட்டர் சக்தி இழந்தால் மோட்டார் உறுமும், நகராது. மெதுவாகச் சுற்றுகிற சீலிங் ஃபேனுக்கும் பல நேரம் இதே வியாதிதான். அங்கே சாதாரணமாக இருப்பது 2.5 மைக்ரோஃபாரட்.

என் பழைய செம்புக் காயில் நன்றாகத்தான் இருந்தது என்று என்னால் நூற்றுக்கு நூறு நிரூபிக்க முடியாது. அந்தக் காயில் முதல் மெக்கானிக்கோடு போய்விட்டது. செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாடை இல்லை, பிரேக்கர் விழவில்லை, கெப்பாசிட்டர் செத்திருந்தது. நான் முடிவுக்கு வந்துவிட்டேன்.

இப்போது செய்வதை அன்றே செய்திருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டு, டெஸ்டரால் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மோட்டாரின் பின்பக்க விசிறி மூடியைப் பார்க்க வேண்டும். பல மோனோபிளாக்குகளில் தண்டின் நுனியில் ஸ்க்ரூ டிரைவர் வைக்க ஒரு வெட்டு இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். இறுகிக்கிடந்தால் உள்ளே துருவோ மண்ணோ பிடித்து ஜாம் ஆகியிருக்கிறது என்று அர்த்தம், குறிப்பாக நாள்கணக்கில் ஓடாமல் கிடந்த மோட்டாரில். முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தாலே சில சமயம் விட்டுவிடும். லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் கரண்ட் கொடுத்தால் உறுமுகிறது என்றால் சந்தேகம் முதலில் கெப்பாசிட்டர் மேல்தான் போக வேண்டும். சிலர் கரண்ட் கொடுத்துவிட்டுக் குச்சியால் தண்டைச் சுழற்றிப் பார்ப்பார்கள். அந்த வித்தை வேண்டாம், விரல் போய்விடும்.

கெப்பாசிட்டரைத் தொடுவதற்கு முன் ஒன்று. கரண்ட் அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். ஹோல்டரில் மாட்டிய ஒரு பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும் அதன் இரண்டு முனைகளில் வைத்தால் இறங்கிவிடும். ஒயரின் ரப்பர் பகுதியை மட்டும் பிடியுங்கள். பிறகு மீட்டரில் அளக்கலாம். மீட்டர் இல்லையா, அதில் அச்சடித்த அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் கொண்ட புதியதைப் போட்டுப் பாருங்கள். என்னுடையதில் 440 வோல்ட் என்று இருந்தது. வோல்ட் குறைவானதைப் போடாதீர்கள். உப்பவில்லை என்பதால் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள், வெளியே பளபளவென்று இருந்தும் உள்ளே செத்தவை உண்டு.

காயிலை வீட்டிலேயே சோதிக்கவும் வழி இருக்கிறது. கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓம்ஸில் வையுங்கள். காயில் முனைகளுக்கு நடுவே தடை காட்ட வேண்டும், அந்த முனைகளுக்கும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கும் நடுவே தொடர்பே காட்டக் கூடாது. சில சுற்றுகள் மட்டும் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டால் இந்தச் சோதனையில் தப்பிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காதால் மட்டும் கேட்டுக் காயில் போச்சு என்று சொல்பவரிடம், "மீட்டர் வெச்சு காட்டுங்க" என்று கேட்க இது போதும்.

உண்மையிலேயே காயில் கட்ட வேண்டிவந்தால், கொடுக்கும் முன் மோட்டாரைத் தராசில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செம்புதான் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பழைய காயிலும் பழைய பேரிங்கும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் மாறுகிறவரிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள்.

என் மோட்டாரில் கருகல் காயிலைத் தாங்கும் இரும்புத் தகடு வரைக்கும் போயிருந்ததால் மறுபடி கட்டுவது வீண் என்று பெரியவர் சொல்லிவிட்டார். புதிதுதான் வாங்கினேன். அவரே பொருத்தினார். கிளம்பும்போது, நான் கேட்காமலேயே, கருகிய காயிலைப் பிரித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன், பை லேசாகத்தான் இருந்தது.