ஸ்பேசைடு விஸ்கி சுற்றுலா: ரயில், பஸ் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் விஸ்கி வடிசாலைகளை ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றிப் பார்க்க ஒருநாள் பேக்கேஜ் விற்கிறார்கள். வழிகாட்டி கூட வரமாட்டார். டிக்கெட், நேர அட்டவணை, வரைபடம், வடிசாலைகளுக்கான முன்பதிவு எல்லாவற்றையும் அவர்களே ஏற்பாடு செய்து கொடுத்துவிடுவார்களாம். நாம் போய் இறங்கினால் போதுமாம். ஆளுக்கு 145 பவுண்டு கட்டிப் போன நானும் என் அண்ணனும் ஒரு வடிசாலையின் உள்ளேயும் போகாமல் திரும்பி வந்தோம். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்காக இப்படி ஒரு பயணம் பதிவு செய்ய நினைக்கும் தமிழர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன். நுகர்வோர் அதிகாரிகளிடம் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவர்களின் பெயரைச் சொல்லவில்லை. ஏமாற்றும் முறை தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

காரில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஓட்டுகிறவர் ஒரு வாய் ருசி பார்ப்பதும் இங்கே ஆபத்து. 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் வாகனம் ஓட்டுவோருக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால். இங்கிலாந்தில் அது 80. ஆகவே பொதுப் போக்குவரத்தில் போக நினைப்பது முற்றிலும் சரியான முடிவு. அந்த நல்ல முடிவை எடுக்கிறவர்களைக் குறிவைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

என் அண்ணன் தமிழ்நாட்டில் ஒரு சர்க்கரை ஆலையின் வடிசாலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரும்புப் பாகின் கழிவான மொலாசஸிலிருந்து உயர்ந்த கோபுரக் கலன்களில் இடைவிடாமல் ஆல்கஹால் வடிப்பதை வாழ்நாளெல்லாம் மேற்பார்வை செய்தவர். முளைகட்டிய பார்லியை ஊறல் போட்டு, செம்பு வாலையில் (வடிகலனில்) தொகுதி தொகுதியாக இரண்டு முறை வடித்து, முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி நடுப்பகுதியை மட்டும் எடுத்து, ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைக்கும் முறையை அவர் படித்திருக்கிறார், பார்த்ததில்லை. அபர்டீனில் என் வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டதே, "அந்தச் செம்பு வாலையை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்" என்பதுதான். வடிசாலைகளில் வடிப்புக் கூடத்துக்குள் அழைத்துப் போவது முன்பதிவு செய்த சுற்றுகளில்தான். அதனால்தான் பதிவு எல்லாம் சேர்ந்த பேக்கேஜை வாங்கினேன்.

திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. புதன்கிழமை காலை அபர்டீனிலிருந்து ரயிலில் கீத். அங்கே 1786இல் தொடங்கிய ஸ்ட்ராத்ஐலா வடிசாலை. பிறகு கீத் டவுன் நிலையத்திலிருந்து பழங்கால ரயிலில் டஃப்டவுன். பிற்பகலில் கிளென்ஃபிடிக். அதன்பின் "ஆற்றோரமாக அரை மணி நேர எளிய நடை" போய் அபர்லூரில் மூன்றாவது வடிசாலை. மாலையில் பஸ்ஸில் எல்ஜின், அங்கிருந்து ரயிலில் வீடு.

கீத் வரை எல்லாம் சரியாகவே நடந்தது. நிலையத்திலிருந்து நடந்தே வடிசாலைக்குப் போனோம். இரட்டைக் கோபுரக் கூரையும் நீர்ச்சக்கரமுமாக வாசலே கண்ணை நிறைத்தது. வரவேற்பில் இருந்த பெண்மணி எங்கள் சீட்டை வாங்கிப் பார்த்தார், கணினியில் தேடினார், மறுபடியும் தேடினார். எங்கள் பெயரிலோ அந்த விற்பனையாளரின் பெயரிலோ எந்தப் பதிவும் இல்லை. எங்கள் கையில் இருந்தது வடிசாலையின் படத்தைப் போட்டு விற்பனையாளரே அச்சடித்துக்கொண்ட தாள். அன்றைய சுற்றுகள் எல்லாம் நிரம்பிவிட்டன. அந்தப் பெண்மணி மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்களுக்காக மேலாளரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பதிவு இல்லை என்பதை மின்னஞ்சலாக எழுதித் தர முடியுமா என்று கேட்டபோது உடனே அனுப்பினார். அந்த ஒரு மின்னஞ்சல்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

அடுத்தது பழங்கால ரயில். கீத் ரயில் நிலையமும் கீத் டவுன் நிலையமும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையில் நடக்க வேண்டும் என்று திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அண்ணனுக்கு முழங்கால் வலி. மெதுவாக நடந்து போய்ச் சேர்ந்தால் நிலையம் பூட்டிக் கிடந்தது. 11 மைல் நீளமுள்ள அந்தப் பாதையில் ரயில் ஓட்டுகிறவர்கள் தன்னார்வலர்கள். பருவ காலத்தில், அதுவும் பெரும்பாலும் வார இறுதிகளில்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுடைய நாள்காட்டியில் இது தெளிவாகவே போட்டிருக்கிறது. ஓடாத நாளின் ரயிலுக்கு நேரம் குறித்து எங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

விற்பனையாளரின் அவசர எண்ணைக் கூப்பிட்டால் பதிவு செய்த குரல் மட்டுமே பேசியது. வேறு வழியில்லாமல் டாக்ஸிக்குச் சொன்னோம். அது வந்து சேரவே வெகுநேரம் ஆயிற்று. ஓட்டுநர் எங்கள் தாளைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். இதே தாளோடு இதே இடத்தில் நின்றவர்களை முன்பும் ஏற்றியிருக்கிறாராம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. ஒரு முறை நேர்ந்தால் கவனக்குறைவு எனலாம். அடுத்தடுத்து ஆட்கள் நடுத்தெருவில் நின்ற பிறகும் அதே தாளை அச்சடித்து விற்பதற்குப் பெயர் மோசடி.

கிளென்ஃபிடிக்கில் எங்கள் பெயர் உண்மையிலேயே பதிவாகியிருந்தது. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுற்று தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது, அடுத்தடுத்த சுற்றுகளிலும் இடம் இல்லை. 1887 கிறிஸ்துமஸ் அன்று முதன்முதலாக விஸ்கி வடித்த இடம் அது. அண்ணன் வளாகத்தில் நின்று கட்டடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாசம் வருகிறது, தம்பி. ஊறல் நன்றாகப் புளித்திருக்கிறது" என்றார். உள்ளே போக முடியவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த "அரை மணி நேர எளிய நடை" இருக்கிறதே, அதுதான் இந்தத் திட்டத்திலேயே மிகவும் ஆபத்தான பகுதி. டஃப்டவுனிலிருந்து கிரைகெல்லாக்கி வரை நடைபாதை சுமார் 4 மைல். அங்கிருந்து அபர்லூருக்கு இன்னும் 2 மைல். ஆக மொத்தம் பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நல்ல காலுள்ளவர்களுக்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். மழையில், வயதானவரை நம்பி அனுப்பும் பாதையா இது? உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னபடி மணிக்கூண்டு அருகில் 36ஆம் எண் பஸ்ஸைப் பிடித்து அபர்லூர் போனோம். அங்கே கடைசிச் சுற்றும் முடிந்திருந்தது. அடுத்த 36இல் ஏறி எல்ஜின், பிறகு ரயில்.

ஸ்பேசைடில் ஏன் இப்படி என்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வடிசாலைகள் பெருகியதற்கு ரயில் ஒரு முக்கியக் காரணம். 1863இல் ஸ்பே ஆற்றோரமாகப் பாதை போட்டார்கள். பார்லியும் நிலக்கரியும் வந்தன, பீப்பாய்கள் போயின. 1965இல் அந்தப் பாதையில் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அபர்லூர் வழியாகப் போகும் அந்தத் தடத்தில் இப்போது இருப்பது ஸ்பேசைடு வே என்ற நடைபாதை. இன்று ரயில் தொடுவது கீத், எல்ஜின் போன்ற ஓர ஊர்களை மட்டுமே. நடுவில் இருக்கும் வடிசாலைகளுக்கு பஸ்ஸை நம்ப வேண்டும், அதுவும் அடிக்கடி கிடையாது. ஒரு பஸ் தவறினால் அந்த நாளே கவிழ்ந்துவிடும். ஒரே நாளில் மூன்று வடிசாலைகள், இரண்டு ரயில் பாதைகள், ஒரு நடை என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அவர்கள் அந்த வழியில் ஒரு முறைகூடப் போனதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். போக்குவரத்து நிறுவனங்கள் நேரத்தை மாற்றினால் தாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை. பருவத்துக்கு முன்பே வெளியான நாள்காட்டி அப்படியே இருந்தது. இல்லாத முன்பதிவைப் பற்றிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பணம் எப்படித் திரும்பியது என்பது பலருக்கும் உதவும். பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுப் பேக்கேஜ் பயண விதிகள், இரவுத் தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களுக்குப் பொருந்தாது. ஒருநாள் பேக்கேஜ் விற்பவர்களுக்கு இது தெரியும். ஆனால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால் அந்தச் சொல் ஒப்பந்தத்தில் அடங்கும். அதைவிட வலுவானது 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றை பிரிட்டன் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், விற்றவரோடு சேர்ந்து கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. வடிசாலை அனுப்பிய மின்னஞ்சல், ரயில் நாள்காட்டியின் படம், டாக்ஸி ரசீது, அவர்கள் கொடுத்த திட்டத்தாள் நான்கையும் வைத்து வங்கிக்கு எழுதினேன். டாக்ஸிச் செலவும் சேர்த்துத் திரும்பக் கிடைத்தது. டெபிட் கார்டுக்கும் இந்திய வங்கிக் கார்டுக்கும் இந்தப் பிரிவு உதவாது. அந்தக் கார்டுகளில் கட்டியவர்கள் தங்கள் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பி எடுத்துத் தரும்படி, கேட்க வேண்டும், அதற்குக் காலக்கெடு உண்டு, தாமதிக்காதீர்கள். அந்த இடத்திலேயே எழுத்து மூலமாக ஆதாரம் வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

உறவினரை அழைத்துப் போக இடைத்தரகரே தேவையில்லாத இடங்கள் இருக்கின்றன. ஓபன் நகரில் 1794இல் தொடங்கிய வடிசாலை ஊருக்கு நடுவிலேயே, ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து நேரடி ரயில், சுமார் மூன்று மணி நேரம், வழியெல்லாம் ஏரியும் மலையும். பிட்லாக்ரியில் 1798ஆம் ஆண்டின் பிளேர் ஆத்தோல் வடிசாலை, ஊர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். டல்வின்னியிலும் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை. ஐலா தீவுக்குப் போகிறவர்கள் கென்னாக்ரெய்கில் கப்பல் ஏறி போர்ட் எலனில் இறங்கினால் லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றும் சாலையோர நடைபாதையில் வரிசையாக வரும். கடைசி வடிசாலை சுமார் 3 மைல். காற்று பலமாக இருந்தால் கப்பலை ரத்து செய்வார்கள். அதனால் ஓரிரவு தங்குவதாகவே திட்டமிடுங்கள்.

ஸ்பேசைடுதான் வேண்டும் என்றால் எல்ஜினிலோ டஃப்டவுனிலோ தங்கி, ஒரு நாளுக்கு ஒரு வடிசாலை, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ், ரயில் நேரங்களை டிராவல்லைன் ஸ்காட்லாந்து என்ற பயணத் தகவல் இணையதளத்தில் நீங்கள் போகும் அதே தேதியைப் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு. கோடையில் சில வடிசாலைகள் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் வடிப்பை நிறுத்திவிடும். சுற்று நடக்கும், வாலை மட்டும் குளிர்ந்து கிடக்கும். வேலை நடப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுக்கான பதிவை வடிசாலையிடமே நேரடியாகச் செய்யுங்கள். நாங்கள் கட்டியதில் பாதிகூட ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் பேக்கேஜ்தான் வசதி என்று தோன்றினால், பணம் கட்டும் முன் விற்பனையாளரிடம் ஒவ்வொரு வடிசாலையும் கொடுத்த பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணோடு வடிசாலைக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். பயணத்துக்கு முதல்நாள் தருகிறோம் என்பார்கள், எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எண் கைக்கு வராமல் கார்டை எடுக்காதீர்கள். எங்களை அனுப்பிய அதே புதன்கிழமைத் திட்டம் இந்த வாரமும் விற்பனையில் இருக்கிறது.