ரிப்பீட்டருக்கும் மடிக்கணினிக்கும் நடுவே ஒரு கறுப்புப் பெட்டி

மண்டபம் ஊரில் ஹாம் (அமெச்சூர்) வானொலி உரிமம் பெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கும் ரிப்பீட்டர், மோட்டரோலா ஜி.எம்.300 வகையைச் சேர்ந்த பழைய வானொலிகள் இரண்டை இணைத்துக் கட்டியது. ஒன்று கேட்பதை மற்றொன்று 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளிய அலைவரிசையில் உடனுக்குடன் அனுப்பும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றும் நாள்களில் அதற்கு வேலை கூடிவிடும். நிலையத்தின் அழைப்புக்குறியைப் பதிவு செய்த குரலில் அவ்வப்போது அறிவிக்கவும், அவசர காலப் பேச்சைப் பதிவு செய்யவும் ஒரு மடிக்கணினியை அதனுடன் இணைக்க வேண்டியிருந்தது. இதற்காக, எந்த நிறுவனத்தின் பெயரும் அச்சிடப்படாத ஆடியோ இணைப்புப் பெட்டி ஒன்றை இணையத்தில் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். ஓராண்டு பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் பெட்டி இல்லாமலே ஒரு கேபிளைப் பற்றவைத்து இணைத்துப் பார்த்திருந்தோம். அறிவிப்போடு சேர்ந்து ‘ம்ம்’ என்ற ரீங்காரமும் போனது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் அது நின்றுவிடும், சொருகினால் மீண்டும் வரும். சார்ஜர் வழியாக ஒரு கிரவுண்டும் (தரை இணைப்பும்), ஆண்டெனா கோபுரம் வழியாக இன்னொரு கிரவுண்டும் கேபிளின் உறையில் சந்தித்ததால் உண்டான கிரவுண்ட் லூப், அதாவது தேவையில்லாத மின்னோட்டம் சுற்றிவரும் வளையம்தான் அது. இடையில் 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்தால் ஒலி காந்தப் புலமாக மட்டுமே கடந்து போகும். இரு பக்கத்துக் கம்பிகளும் ஒன்றையொன்று தொட வேண்டியதில்லை. இந்தப் பெட்டியில் போக ஒன்று, வர ஒன்று என்று அப்படி இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருப்பதாக விளம்பரம் சொன்னது; திறந்து பார்த்தபோது இரண்டும் இருந்தன.

ஆனால் பெட்டியை மாட்டிய பிறகும் ரீங்காரம் போகவில்லை. ஒரு மாலை முழுவதும் வானொலியைக் குறை சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து, மடிக்கணினிப் பக்க ஜாக்கின் உறைக்கும் வானொலிப் பக்க ஜாக்கின் உறைக்கும் நடுவே வைத்தேன். ‘பீப்’ என்றது; அதாவது இரண்டும் உள்ளே இணைந்திருந்தன. டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுவிட்டு, அதன் இருபுறத்துக் கிரவுண்டையும் மின்சுற்றுப் பலகையின் அடியில் ஒரே செம்புத் தடத்தால் சேர்த்து வைத்திருக்கிறார்கள்! வீட்டுக்குப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான். அந்தத் தடத்தைப் பிளேடால் கீறி அறுத்தேன். சார்ஜர் சொருகியிருக்கும்போதே அறிவிப்பு சுத்தமாகப் போனது. விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். பொருளைத் திருப்பி அனுப்பலாம் என்று மட்டும் பதில் வந்தது. தவறைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அடுத்தது ஒலி அளவு. மடிக்கணினியிலிருந்து ஒரு வோல்ட் அளவுக்கு ஒலி வருகிறது. ஜி.எம்.300-இன் பின்புற இணைப்பானில் 2-ஆம் பின்னுக்கு (ஊசி முனைக்கு), அதாவது வெளி மைக் உள்ளீட்டுக்கு, 80 மில்லிவோல்ட் போதும். பெட்டியில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இந்த இடைவெளியைத் தாங்கவில்லை. கால் சுற்றுக்குள் மௌனமும் அலறலும் அடங்கிவிடுகின்றன. 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை முன்னால் சேர்த்து அளவை ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்காக்கிய பிறகே திருகு பயனுள்ளதாக ஆனது. எந்தப் பின்னில் கொடுக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். எஃப்.எம். வானொலி, அனுப்பும்போது உயர் சுருதிகளைத் தூக்கி அனுப்புகிறது. கேட்கும் வானொலி அதை இறக்கிக்கொள்கிறது. மைக் உள்ளீட்டில் கொடுத்தால் அந்தத் தூக்கல் கிடைக்கும். 5-ஆம் பின்னில், அதாவது சமன் உள்ளீட்டில், கொடுத்தால் தூக்கல் இல்லாமல் போய், கேட்பவருக்குத் தலையணைக்கு அடியிலிருந்து பேசுவது போலக் கேட்கும். பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி எதுவும் இல்லை, எந்தப் பின் எதற்கு என்ற வரைபடம்கூட இல்லை.

அனுப்புதலைத் தொடங்கி வைக்கும் ஆப்டோகப்ளர் (கம்பித் தொடர்பில்லாமல் ஒளி வழியே சைகையைக் கடத்தும் சிறு பாகம்) பகுதி நன்றாக அமைந்திருக்கிறது. மடிக்கணினி சொன்னதும் 3-ஆம் பின்னைக் கிரவுண்டுக்கு இழுக்கிறது, சொல்லி முடித்ததும் விடுகிறது. ஒரே ஒருமுறை விடவில்லை. பிளாஸ்டிக் கூடு என்பதால், அனுப்பும் அலையே உள்ளே நுழைந்து சுற்றைப் பிடித்துக்கொண்டது. ரிப்பீட்டரின் மூன்று நிமிட நேரக் கட்டுப்பாடு வந்து காப்பாற்றியது. கேபிளை வானொலி அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தில் நான்கு சுற்றுச் சுற்றி, 3-ஆம் பின்னுக்குப் போகும் கம்பியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ‘102’ (1,000 பிக்கோஃபாரட்) மின்தேக்கியும் வைத்த பிறகு அது திரும்ப நடக்கவில்லை.

எங்கள் கரையில் எதையும் உப்புக்காற்றுதான் கடைசியாகச் சோதிக்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டே மாதத்தில் 3.5 மில்லிமீட்டர் ஜாக்குகளில் பச்சைக் களிம்பு ஏறி, அறிவிப்பு விட்டுவிட்டு ஒலித்தது. ஜாக்குகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பிகளை நேரே பலகையில் பற்றவைத்தேன்; உள்ளே நுழையும் துளைகளைச் சிலிக்கோனால் அடைத்தேன். டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இத்தனை திருத்தத்துக்கும் பொருள் செலவு இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை, நேரச் செலவைத்தான் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, ரிப்பீட்டர் வழியாக நடக்கும் வாராந்திரச் சந்திப்புக்கு முன் பாட்டுப் போடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அமெச்சூர் உரிமத்தில் இசைக்கோ பொழுதுபோக்குக்கோ இடமில்லை என்பதால் அந்தப் பேச்சை அத்துடன் விட்டோம்.

சோல்டரிங் இரும்பைப் பிடிக்கத் தெரியாதவர் இதை வாங்க வேண்டாம். தெரிந்தவருக்கு, நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் ஆப்டோகப்ளரும் ஒரே பலகையில் கிடைப்பதால், விலை நியாயமானதுதான். மாற்றாக வைத்துக்கொள்ள நானே இன்னொன்று வாங்கியிருக்கிறேன். அது வந்த அன்றே, ரிப்பீட்டர் பக்கம் கொண்டுபோவதற்கு முன், மூடியைத் திறந்து அந்தச் செம்புத் தடத்தை அறுத்துவிட்டேன்.